லியோன்: கதவைத் தள்ளிப் பார்க்க வேண்டிய ஊர் (இரண்டு நாள் நடைக்கான முழுமையான வழிகாட்டி)

பிரான்சின் லியோன் நகரில், பழைய பகுதியில், சேன்-ழான் தெரு 54ஆம் எண் கதவில் விசேஷமாக எதுவும் தெரியாது. முன்னால் கூட்டம் கடைகளைப் பார்த்தபடி நகர்ந்துகொண்டே இருக்கும். அந்தக் கதவைத் தள்ளினால் உள்ளே ஓர் இருண்ட நடை. அது ஒரு முற்றத்தில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து இன்னொரு நடை, இன்னொரு முற்றம். நான்கு முற்றங்களைத் தாண்டி, வீடுகளுக்கு அடியிலேயே நடந்துபோய், வேறொரு தெருவில், பெஃப் தெரு 27ஆம் எண் வாசலில் வெளியே வருவீர்கள். வழியில் தலைக்கு மேல் குடியிருப்பவர்களின் ஜன்னல்கள், யாரோ காயப்போட்ட துணி, ஒரு சைக்கிள். சுவர்கள் ஐந்நூறு வருடப் பழசு.

முதல் முறை போனபோது அந்தக் கதவைத் தெரியாமல் மூன்று தடவை கடந்து போயிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். பாரிஸுக்குப் போகிறவர்களில் பலர் லியோனை ரயில் மாறும் ஊராகவே வைத்திருக்கிறார்கள். இறங்கிப் பார்ப்பவர்களும் மலை மேல் தேவாலயம், கீழே ஒரு கடைத்தெரு, ஒரு சாப்பாடு என்று அரை நாளில் முடித்துவிடுகிறார்கள். இந்த ஊரின் நல்ல பாதி கதவுகளுக்குப் பின்னால் இருக்கிறது. எந்தக் கதவு, எந்த வரிசையில் என்று தெரிந்தால் இரண்டே நாளில் இரண்டாயிரம் வருடத்தை நடந்தே பார்த்துவிடலாம்.

முதலில் ஊரை மனதில் வரைந்துகொள்ளுங்கள்

வடக்கிலிருந்து இரண்டு ஆறுகள் வருகின்றன. மேற்கே சோன், கிழக்கே ரோன். இரண்டும் ஊரின் தெற்கில் சேர்கின்றன. நடுவில் நாக்கு மாதிரி நீண்டிருக்கும் நிலத்துக்குப் பெயர் பிரெஸ்கீல், தீபகற்பம் என்று பொருள். சோனுக்கு மேற்கே ஃபூர்வியேர் குன்று. அந்தக் குன்றுக்கும் ஆற்றுக்கும் இடையில் நெருக்கிக்கொண்டு நிற்பதுதான் வியு லியோன், அதாவது பழைய லியோன். பிரெஸ்கீலின் வடக்கு முனையில் எழும்புவது குருவா-ரூஸ் குன்று.

ஃபூர்வியேரைப் பிரார்த்தனை செய்யும் குன்று என்றும், குருவா-ரூஸை உழைக்கும் குன்று என்றும் சொல்வார்கள். முன்னதில் தேவாலயங்களும் மடங்களும், பின்னதில் பட்டு நெசவாளர்கள். முதல் நாளைப் பிரார்த்தனைக் குன்றுக்கும் பழைய லியோனுக்கும், இரண்டாம் நாளை உழைக்கும் குன்றுக்கும் பிரெஸ்கீலுக்கும் கொடுங்கள். இந்த இரண்டு குன்றுகள், பழைய லியோன், பிரெஸ்கீலின் பெரும்பகுதி எல்லாம் சேர்ந்துதான் 1998இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின.

ஒரு விதி மட்டும்: ஏறுவதற்கு வண்டி, இறங்குவதற்குக் கால். இரண்டு குன்றிலும் மேலே போக ரயில் இருக்கிறது. படிகளில் ஏறிக் காலைப் பதம் பார்த்துக்கொள்ள வேண்டாம். இறங்கும்போது நடந்தால் வழியெல்லாம் காட்சி.

கிளம்புவதற்கு முன்

பாரிஸின் கார் து லியோன் நிலையத்திலிருந்து டிஜிவி அதிவேக ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். பெரும்பாலான வண்டிகள் பார்-தியு நிலையத்தில் நிற்கும். சில பெராஷ் வரை போகும். பார்-தியுவில் இறங்கினால் மெட்ரோ பி பிடித்து சாக்ஸ்-கம்பெத்தாவில் டி வழித்தடத்துக்கு மாறுங்கள், வியு லியோன் நிலையத்தில் விட்டுவிடும். பெராஷிலிருந்து மெட்ரோ ஏ, பெல்கூரில் மாறினால் அடுத்த நிறுத்தமே வியு லியோன். மெட்ரோ, டிராம், பேருந்து, குன்று ஏறும் ரயில் எல்லாம் டிசிஎல் என்ற ஒரே அமைப்புக்குக் கீழ் வருவதால் ஒரே டிக்கெட்டில் மாறி மாறிப் போகலாம்.

மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயில் கடுமையாக இருக்கும், கல் பாவிய தெருக்கள் சூட்டைத் திருப்பி அடிக்கும். டிசம்பர் 8ஐ ஒட்டி வரும் விளக்குத் திருவிழாவுக்குப் போவதென்றால் பல மாதம் முன்பே அறை போட்டுவிடுங்கள். அந்த நான்கு நாட்கள் ஊரே பிதுங்கும்.

எந்தக் கிழமை போகிறீர்கள் என்பதும் முக்கியம். ரோமானிய அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை, நுண்கலை அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய். அதனால் புதன் முதல் வெள்ளிக்குள் இரண்டு நாள் வருமாறு வைத்துக்கொள்வது நல்லது. முற்றங்களைப் பார்க்கவும் வார நாட்களே வசதி. சனிக்கிழமை மதியம் பழைய லியோனில் நடக்க இடம் இருக்காது.

தங்க நான் சொல்வது பிரெஸ்கீலில், பெல்கூருக்கும் தெரோ சதுக்கத்துக்கும் இடையில். இரண்டு குன்றுக்கும் அது நடு. பழைய லியோனில் தங்குவது கேட்க அழகாக இருக்கும். ஆனால் வார இறுதி இரவுகளில் சத்தம் அதிகம், பல கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது, உருண்டைக் கற்கள் மேல் பெட்டியை இழுத்துப் போவது பெரும்பாடு. அதே கற்களுக்காகத் தட்டையான, அடி கெட்டியான செருப்பு அல்லது ஷூ வேண்டும். குழந்தை வண்டி இந்த ஊருக்குச் சரிவராது. சுமக்கும் பை இருந்தால் கொண்டுபோங்கள்.

முதல் நாள் காலை: ஃபூர்வியேர்

வியு லியோன் மெட்ரோ நிலையத்துக்குள்ளேயே குன்று ஏறும் விஞ்ச் ரயில் இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் அதை ஃபிசெல் என்பார்கள். கயிறு என்று பொருள். இரண்டு வழித்தடங்கள்: ஒன்று ஃபூர்வியேருக்கு, மற்றது மினிம் வழியாக சேன்-ழுஸ்டுக்கு. நீங்கள் ஃபூர்வியேர் வண்டியில் ஏறுங்கள். சில நிமிடங்களில் தேவாலய வாசலில் இறங்குவீர்கள். ஒன்பது மணிக்கு முன் போனால் மேலே அமைதியாக இருக்கும்.

நோத்ர்-தாம் து ஃபூர்வியேர் பேராலயம் பார்க்கப் பழசு போலத் தெரிந்தாலும் அப்படியில்லை. 1870இல் பிரஷ்ய (ஜெர்மானிய) படைகள் நெருங்கி வந்தபோது, ஊருக்கு ஒன்றும் ஆகாமல் காத்தால் மாதாவுக்குப் பெரிய கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டார்கள். படை லியோனுக்கு வரவில்லை. 1872இல் வேலை தொடங்கி, 1896இல் ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது. வடிவமைத்தவர் பியேர் போசான். நான்கு மூலையிலும் நான்கு கோபுரங்கள் நிற்பதால் ஊர்மக்கள் அதைக் கவிழ்த்துப் போட்ட யானை என்றே சொல்வார்கள். வெளியே நின்று பார்த்தால் கனமாகத்தான் இருக்கிறது. உள்ளே போனதும் அந்த எண்ணம் மாறிவிடும். சுவர், தரை, கூரை எல்லாம் தங்கமும் நீலமுமாக மொசைக். அவசரமாகப் பார்த்துவிட்டு வெளியேறாமல் கீழே இருக்கும் இன்னொரு ஆலயத்துக்கும் இறங்குங்கள். அது புனித சூசையப்பருக்கு உரியது, தாழ்வாக, அரையிருட்டாக இருக்கும். கட்டியவர்கள் நினைத்த வரிசை அதுதான்: இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறி வருவது.

பேராலயத்தின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் சிறிய பழைய ஆலயத்தைப் பலர் கவனிப்பதில்லை. அதன் மணிக்கூண்டு மேல்தான் பொன் முலாம் பூசிய மாதா சிலை நிற்கிறது. விளக்குத் திருவிழா பிறந்தது இந்தச் சிலையால்தான். 1852 செப்டம்பரில் சிலையைத் திறந்துவைப்பதாக இருந்தது. சோன் ஆற்றில் வெள்ளம் வந்து தள்ளிப்போனது. டிசம்பர் 8க்கு மாற்றினார்கள். அன்று புயல் மழை. வாணவேடிக்கையை நிறுத்திவிடலாம் என்று இருந்தபோது மாலையில் வானம் தெளிந்தது. யாரும் சொல்லாமலே ஜனங்கள் வீட்டு ஜன்னல்களில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தார்கள். இன்றும் அந்த இரவில் பல வீடுகளின் ஜன்னலோரம் கண்ணாடிக் குவளைக்குள் மெழுகுவர்த்தி எரிகிறது. பெரிய ஒளிக்காட்சிகளை விட அதைப் பார்க்கத்தான் எனக்குப் பிடிக்கும்.

ஆலயத்தின் பின்புறத் திண்ணையிலிருந்து ஊர் முழுவதும் தெரியும். இரண்டு ஆறுகளையும், இடதுபுறம் குருவா-ரூஸ் குன்றையும், நேர் கீழே பழைய லியோனின் ஓட்டுக் கூரைகளையும் அடையாளம் பார்த்துக்கொள்ளுங்கள். வானம் சுத்தமாக இருந்தால் தொலைவில் ஆல்ப்ஸ் மலைத்தொடர், மோன் பிளான் வரை தெரியும்.

அடுத்து, தெற்கு நோக்கிப் பத்து நிமிடம் நடந்தால் ரோமானியத் திரையரங்குகள். நுழைவுக் கட்டணம் இல்லை. கி.மு. 43இல் முனாத்தியுஸ் பிளான்குஸ் என்ற ரோமானியத் தளபதி இந்தக் குன்றின் மேல் லுக்துனும் என்ற ஊரை நிறுவினார். ஃபூர்வியேர் என்ற பெயரே பழைய மன்றம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பெரிய அரங்கு கி.மு. 15 வாக்கில் கட்டப்பட்டுப் பின்னர் விரிவாக்கப்பட்டது. சுமார் 10,000 பேர் உட்காரலாம். பக்கத்தில் இருக்கும் சிறிய அரங்கு இசைக்கும் கவிதைக்கும். அதன் தரையில் பல நிறக் கற்களைச் சேர்த்து இழைத்த வேலைப்பாட்டைக் குனிந்து பாருங்கள். இதெல்லாம் மண்ணுக்குள் புதைந்து கிடந்து 1933க்குப் பிறகுதான் தோண்டி எடுக்கப்பட்டது. கோடையில் இங்கே இசையும் நாடகமும் நடக்கும். டிக்கெட் கிடைத்தால் விடாதீர்கள். கட்டிய வேலைக்கே இன்றும் பயன்படும் இடம் இது.

அரங்குக்குப் பக்கத்திலேயே லுக்துனும் அருங்காட்சியகம், குன்றின் வயிற்றுக்குள் புதைத்துக் கட்டியது. 1975இல் திறந்தார்கள். நுழைந்து சரிவில் இறங்கிக்கொண்டே போக வேண்டும். ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். அவசரம் என்றால் இரண்டு பொருட்களை மட்டும் தேடிப் பாருங்கள். ஒன்று, கிளாவ்தியுஸ் பேரரசரின் வெண்கலப் பலகை. அவர் இந்த ஊரில் பிறந்தவர். கி.பி. 48இல், கோல் நாட்டுப் (இன்றைய பிரான்சின் அன்றைய பெயர்) பெருமக்களையும் ரோம் செனட்டில் சேர்க்க வேண்டும் என்று அவர் பேசிய பேச்சு அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1528இல் எதிர்க் குன்றில் ஒரு துணி வியாபாரியின் திராட்சைத் தோட்டத்தில் கிடைத்தது. எழுத்துகள் இன்று வெட்டியது போல இருக்கும்.

இரண்டாவது, கொலிஞி நாட்காட்டி. 1897இல் பக்கத்து மாவட்டத்தில் துண்டு துண்டாகக் கிடைத்த வெண்கலப் பலகை, கோல் மொழியில் எழுதியது. மாதத்தை நிலாவை வைத்து இரண்டு பாதியாகப் பிரித்திருக்கிறார்கள். சூரிய வருடத்தோடு ஒத்துப்போக இரண்டரை வருடத்துக்கு ஒரு தடவை கூடுதல் மாதம் ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். பட்சமும் அதிக மாதமும் தெரிந்த நமக்கு அந்தப் பலகை முன் நிற்கும்போது புரியாத மொழியே பாதி புரிந்துவிடும்.

இறங்குவதற்கு மினிம் சதுக்கத்துக்கு வந்து குர்கியோன் ஏற்றத்தைக் கேளுங்கள். கல் பாவிய, செங்குத்தான, ஆள் நடமாட்டம் குறைந்த பழைய பாதை. 1305 நவம்பரில் ஐந்தாம் கிளமெண்ட் மேலே சேன்-ழுஸ்டில் போப்பாக முடிசூடிக்கொண்டு ஊர்வலமாகத் திரும்பியபோது, வேடிக்கை பார்த்தவர்கள் ஏறி நின்ற சுவர் சரிந்தது. போப் குதிரையிலிருந்து விழுந்தார். பிரான்சின் மேற்கே உள்ள பிரித்தானிப் பகுதியின் கோமகன் காயத்தில் இறந்தார். அந்தப் போப்தான் சில வருடம் கழித்துத் தெற்கே உள்ள அவிஞோன் நகருக்குக் குடிபெயர்ந்தார். பாதையில் பாதி தூரத்தில் துர்கே முடக்குச் சந்துக்குள் எட்டிப்பாருங்கள், மரத்தாலான மாடித் தாழ்வாரங்கள் இருக்கின்றன. சந்து முழுக்க நம் கையிரண்டு அகலம்தான்.

முதல் நாள் மதியம்: பழைய லியோனும் அதன் கதவுகளும்

குர்கியோன் உங்களைத் திரினிதே சதுக்கத்தில் இறக்கிவிடும். வடக்கே ஐந்து நிமிடம் நடந்தால் சேன்-ழான் தலைமைப் பேராலயம். 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய வேலை முடிய 15ஆம் நூற்றாண்டு ஆயிற்று. அதனால் பீடத்தின் பக்கம் உருண்டை வளைவுகளும், வாசலுக்கு வர வர கூர்மையான கோதிக் வளைவுகளும். 1600இல் நான்காம் ஹென்றி அரசருக்கும் மரி த மெதிசிக்கும் திருமணம் நடந்தது இங்கேதான்.

உள்ளே போகும் அவசரத்தில் வாசலை விட்டுவிடாதீர்கள். மூன்று வாசல்களின் அடிப்பகுதியில், கண் மட்டத்தில், சுமார் 300 சிறிய புடைப்புச் சிற்பங்கள். வேதாகமக் கதைகள், மாத வேலைகள், விலங்குகள், விநோத உருவங்கள். மேலே உள்ள சிலைகளில் பலவற்றுக்குத் தலை இல்லை. 1562இல், கத்தோலிக்கர்களுக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் நடந்த மதப் போரின்போது உடைத்தார்கள். உள்ளே இடது பக்கம் வானியல் கடிகாரம், சுமார் ஒன்பது மீட்டர் உயரம், 14ஆம் நூற்றாண்டிலிருந்து குறிப்புகள் உண்டு. நேரத்தோடு தேதி, சூரியன், நிலா, லியோன் மேல் தெரியும் நட்சத்திரங்கள் எல்லாம் காட்டும். சூரியன் பூமியைச் சுற்றுவதாகவே அது காட்டும், செய்த காலத்தில் அப்படித்தான் நம்பினார்கள். சேவலும் தேவதைகளும் இப்போது அசைகின்றனவா, எப்போது என்று பக்கத்தில் விசாரித்துவிட்டு வாருங்கள்.

இனி கதவுகள். இந்த நடைகளுக்குப் பெயர் திராபூல். குறுக்கே நடந்து கடப்பது என்ற பொருளுடைய லத்தீன் சொல்லின் வழிவந்தது. பழைய லியோனில் தெருக்கள் ஆற்றுக்கு இணையாக ஓடும், குறுக்குத் தெரு குறைவு. ஒரு தெருவிலிருந்து அடுத்ததற்குப் போக வீட்டுக்குள்ளேயே வழி விட்டார்கள். ஊர் முழுக்க நானூறுக்கு மேல் இருக்கின்றன. பொதுமக்களுக்குத் திறந்திருப்பவை சில பத்துகள்தான். இவை குடியிருப்பவர்களின் வீட்டு வழி. நகராட்சியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில்தான் நம்மை விடுகிறார்கள்.

முறை இதுதான். கதவைத் தள்ளுங்கள். திறக்கவில்லை என்றால் பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் சர்வீஸ் என்று எழுதிய பொத்தானை அழுத்துங்கள். தபால்காரருக்காக வைத்தது, காலை நேரத்தில் வேலை செய்யும். உள்ளே விளக்குப் பொத்தான் இருக்கும். குரலைத் தாழ்த்துங்கள், முற்றத்தில் சின்னப் பேச்சும் ஐந்து மாடிக்குக் கேட்கும். மாடிப்படி ஏறாதீர்கள். வெளியே வரும்போது கதவைச் சாத்துங்கள். யாராவது எதிரே வந்தால் ஒரு போன்ஜூர். பூட்டியிருந்தால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

சேன்-ழான் தெரு 54இல் நுழைந்து பெஃப் தெரு 27இல் வெளியே வாருங்கள். பழைய லியோனில் நீளமானது அதுதான். பிறகு பெஃப் தெருவிலேயே 16ஆம் எண். உள்ளே தூர் ரோஸ், இளஞ்சிவப்புக் கோபுரம். வட்டமான கோபுரத்துக்குள் சுழல் படிக்கட்டு ஏறுகிறது. மதிய வெயில் அதன் மேல் விழும்போது சுவரே ஒளிர்வது போல இருக்கும். அப்புறம் சேன்-ழான் தெரு 27இல் நுழைந்தால் துருவா-மரி தெரு 6க்கு வருவீர்கள். வடக்கே ஷான்ழ் சதுக்கம் தாண்டி ழுய்வ்ரி தெரு 8, புய்யூ மாளிகை. உள்முற்றத்தில் 1536இல் ஃபிலிபேர் தெலோர்ம் என்ற கட்டடக் கலைஞர் அமைத்த மாடித் தாழ்வாரம். இருக்கும் கட்டடத்தை இடிக்காமல், கிணற்றுக்கும் வழி விட்டு, மேலே தூக்கிக் கட்டினார். லியோனில் ஒரே ஒரு முற்றம்தான் பார்க்க நேரம் என்றால் இதைப் பாருங்கள்.

இந்த மாளிகைகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? 15ஆம் நூற்றாண்டில் அரசர் லியோனுக்கு வருடத்துக்கு நான்கு சந்தை நடத்த உரிமை கொடுத்தார். இத்தாலிய வங்கிக்காரர்களும் வணிகர்களும் வந்து குடியேறினார்கள். அவர்களில் ஃபுளோரன்சிலிருந்து வந்த கடாஞ் குடும்பத்தின் பெயர் பணக்காரர் என்பதற்கே உவமை ஆகிவிட்டது. அந்தப் பெயரைத் தாங்கிய மாளிகையில் இன்று ஊரின் வரலாற்று அருங்காட்சியகமும் பொம்மலாட்ட அருங்காட்சியகமும் இருக்கின்றன. கீஞோல் என்ற புகழ்பெற்ற கைப்பொம்மை பிறந்த ஊர் இது. லொரான் மூர்கே என்ற முன்னாள் பட்டு நெசவாளர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியது. குழந்தைகளோடு போகிறவர்கள் ஒரு காட்சி பார்க்கலாம், மொழி தெரியாவிட்டாலும் அடிதடி புரியும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 1950களில் இந்தப் பகுதி அழுக்கும் ஒடுக்கமுமாகக் கிடந்தது. ஒரு பகுதியை இடித்துச் சாலை போடும் திட்டம் இருந்தது. ஊர்மக்கள் எதிர்த்தார்கள். 1962இல் கலாச்சார அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ கொண்டுவந்த சட்டத்தின்படி பிரான்சிலேயே முதன்முதலாகப் பாதுகாக்கப்பட்ட நகர்ப்பகுதி ஆனது பழைய லியோன்தான்.

இரண்டாம் நாள் காலை: நெசவாளர் குன்று

மெட்ரோ சி பிடித்து ஏனோன் நிலையம் வரை போங்கள். பல் சக்கரத்தில் ஏறும் வண்டி இது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கனூ சுவர். ஜன்னலே இல்லாத வெற்றுச் சுவரில் 1987இல் ஒரு தெருவையே வரைந்தார்கள், 1,200 சதுர மீட்டர். படிக்கட்டும் கடைகளும் மனிதர்களுமாகக் கண்ணை ஏமாற்றும். சில வருடங்களுக்கு ஒரு முறை திருத்தி வரைகிறார்கள், அதில் இருக்கும் மனிதர்களுக்கு வயது ஏறுகிறது, மரங்கள் வளர்கின்றன.

கனூ என்றால் லியோன் பட்டு நெசவாளி. பிறகு நடந்து குருவா-ரூஸ் பெருந்தெருவுக்கு வாருங்கள். திங்கள் தவிர மற்ற நாட்களில் காலைச் சந்தை உண்டு. பழம், ரொட்டி, சீஸ் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து இவ்ரி தெருவில் மேசோன் தே கனூ, கனூக்களின் வீடு. இங்கே தறியை ஓட்டியே காட்டுகிறார்கள். காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ தறி பார்த்தவர்களுக்கு இந்த இடத்தில் மெய் சிலிர்க்கும். நம் தறிகளுக்கு மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியும், வரிசையாகக் கோத்த துளையட்டைகளும் பிறந்த ஊர் இது. ழோசெஃப்-மரி ழக்கார் 1752இல் லியோனில் பிறந்தார், 1804 வாக்கில் இந்தக் கருவியை உருவாக்கினார். அதுவரை பூவேலைக்குப் பாவு நூலைத் தூக்கக் கயிறிழுக்கும் ஆள் ஒருவர், பெரும்பாலும் ஒரு சிறுபிள்ளை, தறியருகே நாளெல்லாம் நிற்க வேண்டும். அந்த வேலையை அட்டை செய்தது.

ஆனால் பெட்டி உயரமானது. பழைய லியோனின் தாழ்ந்த கூரைகளுக்குள் நுழையாது. அதனால் நெசவாளர்கள் குருவா-ரூஸுக்கு ஏறினார்கள். இங்கே சுமார் நான்கு மீட்டர் உயரக் கூரையும் நெட்டை ஜன்னல்களுமாக வீடுகள் எழுந்தன. தெருவில் நின்று மேலே பாருங்கள். ஜன்னல்களின் உயரத்தை வைத்தே எது தறி வீடு என்று சொல்லிவிடலாம். தறி நெசவாளியுடையது, நூல் வியாபாரியுடையது, கூலி வியாபாரி சொன்னது. நம் ஊர்க் கூலி நெசவு மாதிரியேதான்.

1831இல் குறைந்தபட்சக் கூலி பேசி முடிவானது. சில வியாபாரிகள் அதை ஏற்க மறுத்தார்கள். நவம்பரில் கனூக்கள் இந்தக் குன்றிலிருந்து இறங்கி ஊரையே பிடித்தார்கள். அவர்களுடைய கறுப்புக் கொடியில் எழுதியிருந்தது: உழைத்து வாழ்வோம், இல்லையேல் போராடிச் சாவோம். அரசாங்கம் பெரும் படையை அனுப்பி ஊரைத் திரும்ப எடுத்தது. பேசிய கூலி கிடைக்கவில்லை. 1834இல் மறுபடி எழுந்தார்கள். அந்தத் தடவை நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். பெருந்தெருவின் கிழக்கு முனையில் குரோ கய்யூ, பெரிய கல். 1861இல் சுரங்கப்பாதை தோண்டும்போது கிடைத்த பாறை, பனியாறு ஆல்ப்ஸிலிருந்து கொண்டுவந்து போட்டது. அங்கிருந்து கீழே கொல்பேர் சதுக்கம் 9ஆம் எண்ணுக்குப் போங்கள். கதவுக்கு உள்ளே வொராஸ் முற்றம். ஆறு மாடிக்கு எழும் திறந்த கல் படிக்கட்டு, அலங்காரம் எதுவும் கிடையாது. பட்டுச் சுருளைத் தோளில் சுமந்து ஏறி இறங்கிய படி. நேற்று பார்த்த வங்கிக்காரர் முற்றங்களை நினைத்துக்கொண்டு இதன் அடியில் இரண்டு நிமிடம் நில்லுங்கள்.

எம்பேர்-கொலோமேஸ் தெரு 29 வழியாக வெளியே வந்து, அதே தெருவில் 20ஆம் எண்ணில் நுழைந்தால் தாப்ல்-கிளாவ்தியேன் தெரு 55இல் வெளிவருவீர்கள். நேற்று அருங்காட்சியகத்தில் பார்த்த வெண்கலப் பலகையின் பெயர்தான் இந்தத் தெருவுக்கு. பக்கத்தில் மூன்று கோல் மாகாணங்களின் வட்டரங்கு, கி.பி. 19இல் கட்டியது. எஞ்சியிருப்பது கொஞ்சம்தான், மேலே ஃபூர்வியேர் அரங்கைப் பார்த்த கண்ணுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். ஆனாலும் தாண்டிப் போகாதீர்கள். கி.பி. 177இல் கிறிஸ்தவர்களை விலங்குகளுக்கு முன் தள்ளியது இங்கேதான். அவர்களில் பிளாந்தின் என்ற அடிமைப் பெண்ணின் பெயர் இன்று வரை நிற்கிறது.

இரண்டாம் நாள் மதியம்: பிரெஸ்கீல்

கீழே இறங்கினால் தெரோ சதுக்கம். 17ஆம் நூற்றாண்டு நகரசபை, சதுக்கத்தின் ஒரு பக்கத்தில் பர்த்தோல்தியின் நீரூற்று. நியூயார்க் சுதந்திரச் சிலையைச் செய்த அதே சிற்பி. நான்கு குதிரைகளும் பாய்ந்து வரும், மூக்கிலிருந்து நீராவி போல நீர் சீறும். பக்கத்தில் முன்னாள் கன்னியர் மடம் இப்போது நுண்கலை அருங்காட்சியகம். உள்ளே போக நேரமில்லை என்றாலும் அதன் முற்றத் தோட்டத்துக்குப் போங்கள், இலவசம். காலையில் வாங்கிய ரொட்டியை உட்கார்ந்து சாப்பிட ஊரிலேயே நல்ல இடம்.

சோன் ஆற்றோரம் மர்த்தினியேர் தெருவில் லியோன் மக்கள் சுவர் இருக்கிறது. 800 சதுர மீட்டர் ஓவியம், மாடங்களில் ஊரின் புகழ்பெற்றவர்கள் முப்பது பேர் நிற்கிறார்கள். அந்தத் தெருவின் பெயருக்கு நம் பக்கம் ஒரு தொடர்பு உண்டு. கிளோத் மர்த்தேன் 1735இல் லியோனில் பிறந்தவர். பிரெஞ்சுக் கம்பெனிப் படைவீரராகப் புதுச்சேரிக்கு வந்தார். அங்கே பிரெஞ்சுக்காரர்கள் தோற்கும் நேரத்தில் ஆங்கிலேயர் பக்கம் மாறி, லக்னோவில் பெரும் செல்வம் சேர்த்து அங்கேயே இறந்தார். அவர் உயில்படி லக்னோ, கல்கத்தா, லியோன் மூன்று ஊரிலும் மர்த்தினியேர் பள்ளிகள் எழுந்தன.

பெல்கூர் சதுக்கம் பெரியது, செம்மண் தரை, நடுவில் பதினான்காம் லூயி குதிரைமேல். கடந்து போகும்போது பார்த்தால் போதும். அதற்குத் தெற்கே, யாரும் அதிகம் போகாத சேன்-மர்த்தேன் தேனே ஆலயத்துக்குத்தான் உங்கள் நேரத்தைக் கொடுக்கச் சொல்வேன். 1107இல் போப் வந்து அர்ப்பணித்தது. பீடத்துக்கு முன்னால் குவிமாடத்தைத் தாங்கும் நான்கு தூண்களைத் தொட்டுப் பாருங்கள். உழைக்கும் குன்றின் அடியில் ரோமானியர்கள் கட்டிய பெரும் பலிபீடத்தின் இரண்டு தூண்களை வெட்டி நான்காக்கி இங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

சாப்பாடு

பூஷோன் என்பது லியோனின் பாரம்பரியச் சாப்பாட்டுக்கடை. பன்றி, மாட்டுக் குடல் வகைகள் அதிகம். லியோன் சாலடிலும் பன்றி இறைச்சித் துண்டுகள் வரும். சைவர்கள் செர்வெல் து கனூ கேளுங்கள். நெசவாளியின் மூளை என்று பெயர், ஆனால் பூண்டும் மூலிகையும் கலந்த தயிர்போன்ற பாலாடைக்கட்டிதான். இளஞ்சிவப்புச் சர்க்கரை பூசிய பாதாம் போட்ட பிரலின் தார்த் எல்லா பேக்கரியிலும் கிடைக்கும். சேன்-ழான் தெருவில் வாசலில் ஆள் நின்று கூப்பிடும் கடைகளைத் தவிர்த்துவிட்டு ஒரு தெரு தள்ளிப் போங்கள்.

இன்னும் அரை நாள் இருந்தால்

மெட்ரோ டியில் மோன்ப்ளெசீர்-லூமியேர் நிலையத்துக்குப் போங்கள். 1895இல், சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களின் தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியே வரும் காட்சியைப் படம் பிடித்த இடம். அந்தக் கொட்டகை இன்னும் நிற்கிறது, தெருவுக்கே முதல் படத் தெரு என்று பெயர்.

இல்லையென்றால் பெர்தெலோ அவென்யூவில் இருக்கும் எதிர்ப்பியக்க அருங்காட்சியகம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கெஸ்டப்போ என்ற நாஜி ரகசியப் போலீஸ் அதே கட்டடத்தில் இருந்தது. நாஜிகளை எதிர்த்தவர்கள் தப்பிக்கவும் செய்தி கடத்தவும் இந்த ஊரின் திராபூல்களைப் பயன்படுத்தினார்கள். வழி தெரியாதவன் ஒரு கதவுக்குள் நுழைந்தவனைத் துரத்தினால், அவன் எந்தத் தெருவில் வெளியே வந்தான் என்று கண்டுபிடிக்க முடியாது. அதைப் பார்த்துவிட்டு மாலையில் ஒரு தடவை பழைய லியோனுக்குத் திரும்பி, சேன்-ழான் தெரு 54 திறந்திருக்கிறதா என்று தள்ளிப் பாருங்கள். முற்றங்களில் விளக்கு ஏற்றிய பிறகு அது வேறு நடை.